பெரியப்பாவின் பேங்க் வாழ்க்கை: குடும்ப மலருக்கு என்ன எழுதுவது?

தண்ணீர்மலை_பையன் (பினாங்கு)

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியப்பாவுக்கு இந்த வருஷம் 75. வீட்டுல எல்லாரும் சேர்ந்து சின்னதா ஒரு மலர் போடுறோம். குலதெய்வப் படம், பேரன் பேத்தி படம், சித்தப்பா எழுதின வாழ்த்துப்பா (எதுகை மோனை எல்லாம் பலமா இருக்கு) எல்லாம் தயார். அவர் வேலையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுறது மட்டும் என் தலையில விழுந்துடுச்சு.

என்கிட்ட இருக்கிறது ஒரு பைல். நியமனக் கடிதம், மாற்றல் கடிதம், பதவி உயர்வுக் கடிதம். அதை வெச்சு எழுதினா இவ்வளவுதான் வருது:

ஆறாம் படிவம் முடிச்சு 1970-ல இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் பினாங்குக் கிளையில கிராணி (குமாஸ்தா). 1973-ல அது யுனைடெட் ஏசியன் பேங்க் ஆச்சு. அப்புறம் ஆபீசர், வடக்குல ஒரு சின்னக் கிளைக்கு மேனேஜர், பிறகு கோலாலம்பூர்ல கடன் பிரிவு. 1991-ல பேங்க் ஆஃப் காமர்ஸ். 1999-ல பூமிபுத்ரா-காமர்ஸ். 2005-ல 55 வயசுல ஓய்வு, அப்போ கடன் பிரிவுல ரெண்டாவது இடம். 2006-ல சிஐஎம்பி போர்டு ஏறினப்போ இவரு வீட்டுல கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தார்.

அவரைக் கேட்டா, "பேங்க் நான் மாத்தவே இல்லப்பா, அவங்கதான் போர்டை மாத்திக்கிட்டே இருந்தாங்க"ங்கிறார். அதோட பேச்சு முடிஞ்சுது. பெர்த்ல இருக்கிற அக்கா, "நேர்முகத் தேர்வுக்குக் கொடுக்கிற சுயவிவரம் மாதிரி எழுதாதே"ன்னு திட்டுறா. பேங்க்ல வேலை பாத்தவங்க யாராவது இருந்தா, என்ன கேக்கணும், எதை எழுதணும்னு சொல்லுங்க.

---

ஓய்வுக்கிராணி (பட்டர்வொர்த்)

தம்பி, உங்கள் பெரியப்பா வேலைக்குச் சேர்ந்த வருடத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் அந்தக் காலத்து ஆள்தான், வேறு பேங்க்.

அந்த போர்டு ஏன் மாறியது என்பதை இரண்டு வரியாவது எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. 1969 ஜூலை 19-ஆம் தேதி இந்திய அரசாங்கம் 14 தனியார் பேங்குகளை நாட்டுடைமை ஆக்கியது. இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் மூன்றும் அதில் உண்டு. டில்லியில் நடந்த காரியத்துக்கு நம் பினாங்கு பேங்க் தெரு லெபோ பந்தாயில் ஏன் நடுக்கம் என்றால், வேறொரு நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான பேங்க் இங்கே கிளை நடத்தக்கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் சொன்னது. அதனால் மூன்றின் மலேசியக் கிளைகளையும் சேர்த்து 1973-ல் யுனைடெட் ஏசியன் பேங்க் என்று உள்ளூர்க் கம்பெனியாக்கினார்கள். அங்கே இருந்தவர்களில் நம் ஆட்கள் நிறைய. கவுண்டரில் தமிழிலேயே காரியம் முடித்துக்கொண்டு போகலாம்.

அதற்கும் முந்தைய கதை: இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை ஆரம்பித்தவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார், அடுத்தது பினாங்கு. அப்போது அவருக்கு வயது 30 கூட ஆகவில்லை. வெளிநாட்டில் தொழில் செய்யும் நம்மவர்களுக்கு அந்நியச் செலாவணிக்கு ஒரு பேங்க் வேண்டும் என்ற கணக்கு அது. பர்மாவிலும் மலாயாவிலும் பணம் போட்டவர்களின் தேவை அவருக்குத் தெரியும். 1954 மார்ச்சில் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கும்போது விமானம் விபத்துக்குள்ளாகி இறந்துபோனார். வயது 45. (சென்னையில் கிரிக்கெட் ஆடும் ஸ்டேடியம் வேறொரு சிதம்பரம் செட்டியார் பெயரில் உள்ளது. எத்தனை தடவை சொன்னாலும் நம் சங்கத்துக் கூட்டங்களில் இரண்டு பேரையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.)

கிராணி வேலை என்றால் இப்போதைய பிள்ளைகள் நினைப்பது போல் அல்ல. லெட்ஜரில் கையால் எழுதவேண்டும். காசோலை வந்தால் கையெழுத்து மாதிரி அட்டையை எடுத்து ஒத்துப் பார்க்கவேண்டும். நாள் முடிவில் கணக்கு இடிக்கிறது என்றால் பத்து காசானாலும் வீட்டுக்குப் போக முடியாது. ஜூன் 30, டிசம்பர் 31 இரண்டு இரவும் வட்டிக் கணக்கு. மீ கோரேங் வாங்கி வரச் சொல்லி, எல்லாரும் விடிய விடிய உட்கார்ந்திருப்போம். அரைவருடக் கணக்கு இரவில் ஒழுங்காக வேலை பார்ப்பவனைத்தான் மேனேஜர் ஞாபகம் வைத்துக்கொள்வார். பெரியப்பாவை யாரோ அப்படித்தான் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். ஆபீசர் ஆனபோது நூபேயை விட்டு வெளியே வந்திருப்பார். கிராணிகளின் சங்கம் அது, 1958 முதல் இருக்கிறது, நம்மவர்கள் தலைமை தாங்கி வளர்த்தது. ஆபீசரானால் அதில் இருக்க முடியாது. ஓவர்டைம் கிடையாது, சங்கப் பாதுகாப்பு கிடையாது, நேற்று பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி சானாய் பிய்த்துத் தின்றவன் இன்று "சார்" என்பான். முதல் வருடத்தில் கையில் வரும் பணமும் குறையலாம். எனக்கு அந்தக் கடிதம் வந்தபோது வேண்டாம் என்றேன். அவர் சரி என்றிருக்கிறார். ஏன் என்று கேட்டீர்களா?

---

பங்சார்_பிரியன் (கோலாலம்பூர்)

அங்கிள் ஹிஸ்டரி டாப். ஆனா ரெண்டு பக்கத்துல டில்லி, ரங்கூன், காலாங் எல்லாம் வந்தா பெரியப்பாவுக்கு இடம் இருக்காதே 😄

---

செந்தூல்_கமலம் (கோலாலம்பூர்)

நான் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். எந்த பேங்க் என்பது வேண்டாம்.

தம்பி, பதவிப் பட்டியலை ஓரமா வெச்சிடுங்க. பேங்க்காரர் வாழ்க்கையை அளக்க ஒரே கேள்வி போதும்: எத்தனை வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் உங்க கையெழுத்து செல்லும்? ஒவ்வொரு ஆபீசருக்கும் தலைமையகம் எழுத்துல ஒரு லிமிட் கொடுக்கும். நிலம் வீடு அடமானம் இருந்தா ஒரு தொகை, அடமானம் இல்லாம கொடுக்கிறதுக்கு அதைவிடச் சின்னத் தொகை. அதுக்கு மேல போனா ரெண்டு கையெழுத்து. இன்னும் மேல போனா கடன் குழு, அப்புறம் இயக்குநர் வாரியம். தனி அறை, கார் பார்க்கிங், அட்டையில பெயர் எல்லாம் ஊர் பாக்கிறதுக்கு. லிமிட் ஏறினாத்தான் பேங்க் உங்களை நம்புதுன்னு அர்த்தம். கடன் கெட்டுப்போனா பைலைத் திறந்து முதல்ல பாக்கிறதும் அந்தக் கையெழுத்தைத்தான்.

அதனால முதல் லிமிட் எவ்வளவு, முதல்ல கையெழுத்துப் போட்ட கடன் எது, போடமாட்டேன்னு சொன்ன கடன் எதுன்னு கேளுங்க. மனுஷன் தானா பேசுவார்.

எனக்கு வேலை கத்துக்கொடுத்த மேனேஜர் ஒருத்தர் இருந்தார். 80-களின் நடுவுல, கிள்ளான் பக்கம் ஒரு மரப்பட்டறை. ஓவர்டிராஃப்டை ரெட்டிப்பாக்கிக் கேக்கிறாங்க. தணிக்கை செஞ்ச கணக்கு பளபளன்னு இருக்கு, விற்பனை ஏறிக்கிட்டே போகுது. முதலாளி எங்களை ஏசி அறையில உக்காரவெச்சு குளிர்பானம் கொடுத்தார். இவர் அதைத் தொடவே இல்லை, "பட்டறையைப் பாக்கலாமா"ன்னு எழுந்துட்டார். உள்ளே நாலு ரம்பம். ரெண்டுக்குக் கீழே மரத்தூள் வெளுப்பா, ஈரவாசனையோட கிடக்கு. மத்த ரெண்டுக்குக் கீழே கறுத்துப் போய், மேல ஒட்டடை. ஒண்ணும் சொல்லலை. திரும்பி வரும்போது சாதாரணமா, "எல்எல்என் பில் ஆறு மாசத்துக்கு இருந்தா கொடுங்க"ன்னார். கரண்ட் பில் மாசாமாசம் இறங்கியிருக்கு. விற்பனை ஏறுது, கரண்ட் இறங்குது, எப்படி? கார்ல வரும்போது என்னைத்தான் கேட்டார். அந்தக் கடன் எங்ககிட்ட இருந்து போகலை.

எந்தப் பயிற்சியிலயும் எனக்கு இதைச் சொல்லித்தரலை. உங்க பெரியப்பா வடக்குல சின்னக் கிளை மேனேஜரா இருந்தார்னு எழுதியிருக்கீங்க. அங்கதான் இது கைவரும். சின்ன ஊர்ல மேனேஜருக்கு எல்லாக் கடைக்காரனையும் தெரியும், மேனேஜரையும் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது 97-98 ஆசிய நிதி நெருக்கடி. இதைத் தாண்டிக் குதிச்சு எழுதிடாதீங்க. டாலருக்கு ரெண்டரை வெள்ளியா இருந்தது 98 ஜனவரியில 4.88 வரைக்கும் போச்சு. அடிப்படை வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டிச்சு. வாடிக்கையாளர் வாங்கினப்போ கணக்குப் போட்ட தவணை வேற, கட்டவேண்டிய தவணை வேற. அதோட, ஆறு மாசம் கட்டலைன்னா கெட்ட கடன்ங்கிற விதியை மூணு மாசம்னு இறுக்கினாங்க, 98 செப்டம்பர்லயே மறுபடியும் ஆறு மாசமா தளர்த்தினாங்க. வெள்ளியை 3.80-ல கட்டினதும் அதே செப்டம்பர்தான், 2-ஆம் தேதி.

எல்லாரும் டானாஹர்த்தாங்கிற அரசாங்கக் கம்பெனி வந்து கெட்ட கடனை எல்லாம் வாங்கிக்கிச்சுன்னு பேசுவாங்க. அது பெரும்பாலும் 50 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட கடன்களுக்கு. அதுக்குக் கீழே இருந்த வொர்க்‌ஷாப், அச்சகம், குத்தகைக்காரர் (காண்ட்ராக்டர்), மளிகை மொத்த வியாபாரி, இவங்க பைல் எல்லாம் பேங்க் மேசையிலயேதான் கிடந்துச்சு. நம்ம ஆட்கள் வாங்கின கடன் எந்த அளவுல இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த மேசையிலதான் பெரியப்பா உக்காந்திருந்தார். அந்த ரெண்டு வருஷத்துல அவர் என்ன செஞ்சார்ங்கிறதுதான் உங்க ரெண்டு பக்கம்.

---

தண்ணீர்மலை_பையன்

கமலம்கா, நேத்து ராத்திரி போய்க் கேட்டேன். "லிமிட்"ங்கிற சொல்லைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு என்னை ஒரு மாதிரி பாத்தார். "யாரு சொல்லிக்கொடுத்தா?"

முதல் லிமிட் 25,000 வெள்ளி. அந்தக் கடிதம் மட்டும் பைல்ல இல்ல, தனியா ஒரு பிளாஸ்டிக் உறையில அலமாரியில இருக்கு. பெரியம்மாவே அதை நேத்துதான் பாத்தாங்க. ஏன் ஆபீசர் ஆனீங்கன்னு ஓய்வுக்கிராணி ஐயா கேட்டதையும் கேட்டேன். "அடுத்தவன் எழுதின கணக்கையே எத்தனை வருஷம் கூட்டிக்கிட்டு இருக்கிறது"ன்னார்.

98 பத்திப் பேச ஆரம்பிச்சதும் மணி பன்னெண்டு ஆயிடுச்சு. கடனாளிகளை அவர் ரெண்டாப் பிரிச்சுக்குவாராம்: பணம் மாட்டிக்கிட்ட ஆளு, பணத்தை மாட்டிவிட்ட ஆளு. முதல் வகையில ஒருத்தர், டைல்ஸ் ஒட்டுற குத்தகைக்காரர், நம்ம ஆளுதான். வேலையை முடிச்சுக் கொடுத்துட்டார், வீட்டுமனைக் கம்பெனி காசு தரலை. ஓவர்டிராஃப்ட் வட்டி ஏறுது. பெரியப்பா அவரைக் கூட்டிக்கிட்டு அந்தக் கம்பெனிக்கே போயிருக்கார். இவருக்கு வரவேண்டிய பணம் நேரா பேங்குக்கே வரணும்னு மூணு தரப்பும் கையெழுத்து. பழைய ஓவர்டிராஃப்டை நீண்ட காலக் கடனா மாத்தி, மாசத் தவணையைக் குறைச்சு, மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்து ஒத்துக்க வெச்சிருக்கார். "இதுல நான் ஒண்ணும் தர்மம் பண்ணலை, ஏலம் போட்டா பாதிகூட வந்திருக்காது"ன்னு ரெண்டு தடவை சொன்னார்.

ரெண்டாவது வகை பத்திக் கேட்டா பேரு சொல்லமாட்டேங்கிறார். ஒருத்தர் வீடு ஏலத்துக்குப் போனப்போ இவரே போய் பின்வரிசையில நின்னாராம். பேங்க் வக்கீல் போனாலே போதுமே, நீங்க ஏன் போனீங்கன்னு கேட்டேன். "என் ரிப்போர்ட்டை வெச்சுத்தானே ஏலம். எவ்வளவுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியவேண்டாமா?"

இன்னொண்ணு. சொந்தக்காரங்க பைல் மேசைக்கு வந்தா பேனாவை மூடி, "எனக்கு உறவு"ன்னு ஒரு தாள்ல எழுதிவெச்சு அடுத்த ஆபீசர்கிட்ட தள்ளிடுவாராம். இதனால எங்க குடும்பத்துலயே ரெண்டு வீட்டுல கல்யாணப் பத்திரிகை வராம இருந்திருக்கு. எனக்கு இது தெரியவே தெரியாது. மலர்ல போடலாமா?

---

லோரிக்காரன்_மகன் (சுங்கை பட்டாணி)

போடுங்க, நல்லாப் போடுங்க. நம்ம ஆளு மேனேஜரா உக்காந்தா நமக்கு என்ன கிடைச்சுதுன்னு ஊருக்குத் தெரியட்டும்.

எங்கப்பா மூணு லோரி வெச்சு செம்பனை (பாமாயில் எடுக்கிற பழம்) ஏத்திக்கிட்டு இருந்தார். எந்த பேங்க்னு சொல்லலை. மேனேஜர் தமிழர், தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வந்து முறுக்கு தின்னவர். ஒரு என்ஜின் மாத்தணும், கடன் கேட்டா கணக்குப் புத்தகம் சரியில்லைன்னு திருப்பிட்டார். அதே தெருவுல சீன தவுக்கேக்கு (முதலாளிக்கு) அவங்க ஆளு மேனேஜரா இருக்கிற பேங்க்ல ஒரு வாரத்துல கிடைச்சுது. எங்கப்பா ஆலோங்கிட்ட (லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்) போனார். மிச்சக் கதையை நீங்களே ஊகிச்சுக்கோங்க. பேனாவை மூடிட்டாராம், பெருமையாம்.

---

செந்தூல்_கமலம்

தம்பி, உங்க அப்பாவுக்கு நடந்தது கொடுமை. அதை நான் மறுக்கலை. ஆனா ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு.

உறவுக்காரர் பைல்ல கையெழுத்துப் போடாம இருக்கிறது பெருமை இல்ல, கட்டாயம். போட்டா வேலை போகும், கடன் கெட்டா கம்பி எண்ணவும் வேண்டி வரலாம். அதனாலதான் பல பேங்குல வருஷத்துக்கு ஒரு தடவை சேர்ந்தாப்போல லீவு எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவாங்க. நீங்க இல்லாதப்போ வேற ஒருத்தர் உங்க நாற்காலியில உக்காந்தா, ஒளிச்சு வெச்சது எல்லாம் வெளிய வரும்.

ஆனா உங்க அப்பா உறவுக்காரர் இல்லையே. அவருக்குக் கடன் மறுத்தவர் வேற ஒரு தப்பு செஞ்சிருக்கார்: கணக்கு சரியில்லைன்னு சொல்லிட்டு, எப்படிச் சரி செய்யிறதுன்னு சொல்லலை. செம்பனை ஆலையில ஒவ்வொரு நடைக்கும் எடைச் சீட்டு கொடுப்பாங்களே, அதை ஆறு மாசம் சேர்த்துவெச்சா அதுதான் கணக்குப் புத்தகம். அடமானம் பத்தாத சின்னத் தொழிலுக்கு உத்தரவாதம் கொடுக்கத்தான் 1972-லயே கடன் உத்தரவாதக் கழகம், சிஜிசி, ஆரம்பிச்சாங்க. அந்தப் பாரத்தை எடுத்து நீட்ட ஒரு நிமிஷம் ஆகும். நம்ம ஆளு வந்தா பாரபட்சம் காட்டுறேன்னு பேரு வந்துடுமோன்னு பயந்து, மத்தவங்களுக்குச் செய்யிற உதவியைக்கூட நம்மவங்களுக்குச் செய்யாத மேனேஜர்களை நான் பாத்திருக்கேன். அதை நேர்மைன்னு நான் ஒத்துக்கமாட்டேன்.

---

ஓய்வுக்கிராணி

லோரிக்காரர் மகன் சொல்வதில் ஒரு பழைய ஏக்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் பினாங்கு ஸ்திரீட்டிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் கிட்டங்கிகளில் (வட்டித்தொழில் நடக்கும் கடைவீடுகளில்) செட்டியார்கள் வரிசையாகப் பெட்டிக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு விலாசம் (தொழில் பெயர்). நேரில் போய் நின்றால் முகத்தைப் பார்த்து முடிவு சொல்வார்கள். அங்கேயும் படிக்கட்டு உண்டு: பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள். ஊரிலிருந்து சின்ன வயதில் வந்து, மனக்கணக்கு படித்து, பெரியவர் யாருக்குக் கொடுக்கிறார், யாரைத் திருப்புகிறார் என்று பார்த்தே கற்றுக்கொள்ள வேண்டும். மேலாளுக்கு முதலாளியின் பணத்தைக் கொடுக்கும் அதிகாரம் இருந்தது. கமலம் அம்மா சொல்லும் லிமிட் கதை அங்கேயே இருக்கிறது.

ஆனால் அது ஒரு குலத்துக்குள் நடந்த ஏற்பாடு. ஏமாற்றினால் ஊரில் பெண் கிடைக்காது, கோயிலில் மரியாதை கிடைக்காது. பேங்க்கில் அந்தக் கட்டு இல்லாததால்தான் தாளும் சட்டமும் வேண்டியிருக்கிறது. செட்டியாரும் அடமானம் இல்லாமல் அள்ளிக் கொடுக்கவில்லை, நினைவிருக்கட்டும். கடன் திரும்பாமல் எத்தனை தோட்டம் கைமாறியது என்று உங்கள் தாத்தா இருந்தால் சொல்லியிருப்பார்.

---

பங்சார்_பிரியன்

சரி, நான் ஒரு பேங்க்ல பயிற்சி நிர்வாகியா சேர்ந்து ரெண்டாவது வருஷம். இதையெல்லாம் படிக்கும்போது வேற உலகம் மாதிரி இருக்கு. எங்க கிளை மேனேஜருக்குக் கடன் கொடுக்கிற அதிகாரமே கிடையாது. விண்ணப்பம் எல்லாம் தலைமையகத்துக்குப் போகுது, கணினி மதிப்பெண் போடுது, சிசிஆர்ஐஎஸ் (மத்திய வங்கியோட கடன் விவரப் பதிவு) அறிக்கையில கடந்த 12 மாசத்துல தவணை தவறினது எல்லாம் தெரியுது. மரத்தூளைப் பாக்க யாரும் போறதில்ல. எங்களுக்கு இருக்கிறது டார்கெட்: இந்த மாசம் எத்தனை காப்புறுதி, எத்தனை யூனிட் டிரஸ்ட், எத்தனை கிரெடிட் கார்டு. காலைக் கூட்டத்துல போர்டுல பேரு போட்டு எண்ணிக்கை எழுதுவாங்க.

என் கேள்வி: கிராணியா சேர்ந்து மேல போற பாதை இப்போ இருக்கா? உச்சிக்குப் போன நம்ம ஆளு ஏன் விரல்விட்டு எண்ணுற அளவுக்குக்கூடக் கண்ணுல படமாட்டேங்கிறாங்க?

---

ஓய்வுக்கிராணி

கிராணியாகச் சேர்ந்தவரின் பெரிய உதாரணம் தே ஹோங் பியாவ். சிங்கப்பூரில் பிறந்தவர், 1950-ல் ஓசிபிசியில் கிராணி. 1960-ல் மலாயன் பேங்கிங் தொடங்கியபோது அங்கே வந்தார், நாலே வருடத்தில் பொது மேலாளர். 1966-ல் வெளியே வந்து பப்ளிக் பேங்க்கை ஆரம்பித்தார். 2022 டிசம்பரில் காலமாகும்போது அந்தக் கிராணியின் பேங்க் நாட்டின் பெரிய பேங்குகளில் ஒன்று. இன்னொருவர் நம் பினாங்கு இயாப் சோர் ஈ. சீனாவிலிருந்து வந்து முடிவெட்டிப் பிழைத்தவர், பான் ஹின் லீ பேங்க்கை வைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். பான் ஹின் லீ 2000-ல் சதர்ன் பேங்க்கோடு சேர்ந்தது, சதர்ன் பேங்க் 2006-ல் சிஐஎம்பிக்குள் போனது. நம் செட்டியாரின் பேங்க் யுனைடெட் ஏசியன், காமர்ஸ், பூமிபுத்ரா-காமர்ஸ் என்று சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தது. முடிவெட்டியவரின் கணக்கும் செட்டியாரின் கணக்கும் கடைசியில் ஒரே லெட்ஜரில்.

---

செந்தூல்_கமலம்

பிரியன், ஐயா சொன்ன ரெண்டு பேரும் சொந்தமா பேங்க் வெச்சவங்க. 98-க்குப் பிறகு பேங்க் நெகாரா (நம்ம மத்திய வங்கி) 50-க்கு மேற்பட்ட நிதி நிறுவனங்களைப் பத்துக் குழுவாக்கிடுச்சு. ஒவ்வொரு இணைப்புலயும் ரெண்டு கடன் பிரிவுத் தலைவர் இருப்பாங்க, ஒரு நாற்காலிதான் இருக்கும். பெரியப்பா மூணு இணைப்பைத் தாண்டி நாற்காலியோட இருந்தார்னா அது சும்மா இல்ல. தலைமை நிர்வாகி ஆகலையேன்னு கேக்கிறவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

உச்சிக்கு ஏன் போகலை? இனத்தைப் பத்திப் பேசாம தப்பிக்கிறவங்க மேல எனக்கு மரியாதை இல்ல. பங்கு யார்கிட்ட இருக்கோ அவங்க நம்புறவங்களைத்தான் தலைமையில வைப்பாங்க. பெரிய பேங்குகள்ல ஒரு பக்கம் அரசாங்க சார்பு நிறுவனங்கள், இன்னொரு பக்கம் சீனக் குடும்பங்கள். நம்ம கையில பங்கு இல்ல. ஆனா இன்னொரு காரணமும் கண்ணால பாத்திருக்கேன்: நம்மவங்க தணிக்கை, கடன் மதிப்பீடு, சட்டம், விதி இணக்கம்னு பின்னறையில கெட்டியா உக்காந்துடுவாங்க. வேலை நல்லா செய்வாங்க, பாதுகாப்பான இடம். வாடிக்கையாளரைக் கொண்டுவர்ற பக்கம் போறதில்ல. லாபம் கொண்டுவந்தேன்னு எண்ணிக்கை காட்டுறவங்களைத்தான் தலைமைக்குத் தேடுவாங்க. அதுக்கு மேல பேங்க் நெகாரா ஒப்புதல் வேற வேணும், அது இல்லாம யாரும் தலைமை நிர்வாகி ஆக முடியாது.

உங்களுக்கு என் யோசனை: ரெண்டு மூணு வருஷம் டார்கெட்டைப் பல்லைக் கடிச்சுத் தாங்குங்க. சார்ட்டர்ட் பேங்கர் பரீட்சையை இப்பவே ஆரம்பிங்க, கல்யாணம் ஆனா முடியாது. அப்புறம் சிறுதொழில் கடன் பிரிவுக்குக் கேட்டு வாங்கிப் போங்க. அங்க இன்னும் ஆளு நேர்ல போய்ப் பாக்கிறாங்க.

---

லோரிக்காரன்_மகன்

கமலம்கா, எடைச் சீட்டு விஷயம் இப்பத்தான் கேக்கிறேன். அப்பா அதையெல்லாம் ஆணியில குத்தி வெச்சிருந்தார். மூட்டைக் கணக்குல. யாரும் கேக்கலை.

இப்போ நான் ஒரு லோரி ஓட்டுறேன். சிஜிசிக்கு நேராப் போகலாமா, பேங்க் வழியாத்தான் போகணுமா?

---

செந்தூல்_கமலம்

முதல்ல உங்க கணக்கு எந்த பேங்க்ல இருக்கோ அங்க சிறுதொழில் பிரிவுல கேளுங்க. சிஜிசி இணையத் தளத்துலயும் நேரா விசாரிக்கலாம். எடைச் சீட்டு, டீசல் பில், சாலை வரி, பேங்க் கணக்கு ஆறு மாசம், எல்லாத்தையும் தேதி வாரியா கோத்து எடுத்துட்டுப் போங்க. வர்ற பணம் எல்லாத்தையும் கையில வாங்காம கணக்குல போடச் சொல்லுங்க. சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை நீங்களே பேங்க் நெகாராவோட இணையச் சேவையில எடுத்துப் பாத்துட்டுப் போனா இன்னும் நல்லது. தனிமடல் போடுங்க, பாரத்தைச் சேர்ந்து பாக்கலாம்.

---

தண்ணீர்மலை_பையன்

நன்றி எல்லாருக்கும். ரெண்டு பக்கம் நாலு பக்கம் ஆயிடுச்சு, சித்தப்பா வாழ்த்துப்பாவுல ரெண்டு சரணத்தை வெட்டி இடம் பிடிச்சேன். அவர் என்கூடப் பேசுறதில்ல.

முதல் பத்தியில 25,000 வெள்ளிக் கடிதம். அப்புறம் போர்டு மாறின கதை, சுருக்கமா. டைல்ஸ் குத்தகைக்காரர் கதையை முழுசா எழுதியிருக்கேன், பேரு இல்லாம. பேனாவை மூடின விஷயத்தையும் சேர்த்தேன். பத்திரிகை கொடுக்காத ரெண்டு வீட்டுல ஒரு வீட்டு அத்தை இன்னும் இருக்காங்க, போன் போட்டுக் கேட்டேன். "எழுது, எனக்கென்ன. ஆனா எங்க வீட்டுக்காரர் அந்தக் கடனை வேற பேங்க்ல வாங்கிக் கடைசிக் காசு வரைக்கும் கட்டினார்னும் சேர்த்து எழுது"ன்னாங்க. சேர்த்துட்டேன்.

நேத்து பெரியப்பாகிட்ட பிரதியைக் கொடுத்தேன். சிவப்புப் பேனா எடுத்து உக்காந்தார். "வங்கித் துறையின் ஒளிவிளக்கு"ங்கிற வரியை அடிச்சார். ஒரு மாற்றல் தேதியைத் திருத்தினார். ஏலத்துக்குப் போன பத்தியை எடுக்கச் சொல்லுவார்னு நினைச்சேன், "அந்தாளு பிள்ளைங்க படிச்சா மனசு கஷ்டப்படும், ஊர்ப் பேரை மட்டும் எடுத்துடு"ன்னார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நான் மடிச்சு வெச்சிருந்த அச்சகச் சீட்டைப் பாத்துட்டார். "ஒரே கொட்டேஷனா? மூணு வாங்கலையா?"

பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம் தமிழ் எழுத்துரு உடையாம அச்சடிக்கிற அச்சகம் யாருக்காவது தெரியுமா? இன்னும் ரெண்டு வேணும்.

---

ஓய்வுக்கிராணி

பட்டர்வொர்த்தில் ஒன்று தெரியும், தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். விலை கேட்கும்போது தாள் எத்தனை கிராம் என்று எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அதையும் கேட்பார்.

---

பங்சார்_பிரியன்

மூணாவது கோலாலம்பூர்ல நான் வாங்கித் தரேன் பிரதர். எத்தனை பிரதி?